மூன்று ரோபோ கிட்டும் ஒரு வெர்னியரும்

பொட்டலத்தைப் பிரித்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி: "அப்பா, இதுக்கு பேட்டரி எங்க போடணும்?"

பேட்டரி கிடையாது, நடக்காது, விளக்கு எரியாது, சத்தமும் போடாது என்றேன். "அப்போ எதுக்குப்பா ரோபோ?" என்று பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். கூரியர்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த அன்று என் மனைவியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டாள். தொனிதான் வேறு.

எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற டை, அதாவது அச்சு, செய்வது, தேய்ந்த டையைச் சரிசெய்வது. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கிண்டி சிபெட்டில் படித்துவிட்டு வெளியே வந்து 18 வருஷம் ஆகிறது. சுவிட்ச் பெட்டி மூடி, மிக்ஸி ஜார் கைப்பிடி, தண்ணீர் பாட்டில் மூடி, இவைதான் என் உலகம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த நண்பன் ஒருவன் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு சின்ன ரோபோவின் பாகங்கள், எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, இதை வார்த்த டையை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. டை ஜப்பானில் இருக்கிறது, பார்க்க வழியில்லை. அதனால் அதில் வார்த்ததை வாங்கிப் பார்க்கத் தொடங்கினேன்.

போன மாதம் மூன்று கிட் பூட்டினேன். கிட் என்றால், பாகங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து நாமே பூட்ட வேண்டிய பெட்டி. எது அழகு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூட்டி முடித்து போஸ் கொடுத்து நிறுத்தினால் பத்தில் ஒன்பது கிட் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். காம்பு எங்கே வைத்திருக்கிறார்கள், இரு பாதி சேரும் இணைப்புக்கோடு எங்கே போகிறது, ஒரு மாதம் கழித்து கை தொங்குகிறதா? நான் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

காம்பு என்பது நான் வைத்த பெயர். பாகத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய கழுத்தை எங்கள் தொழிலில் கேட் என்போம், சட்டத்தை ரன்னர் என்போம். உருகிய பிளாஸ்டிக் ரன்னர் வழியாக ஓடி, கேட் வழியாகத்தான் பாகத்துக்குள் நுழைய வேண்டும். கத்தரிக்காய்க்குக் காம்பு எப்படியோ அப்படி. பறித்த பிறகு அந்த இடத்தில் ஒரு தழும்பு நிச்சயம் இருக்கும். அதை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதில் டை போட்டவரின் அக்கறை தெரிந்துவிடும்.

முதல் கிட்: கத்தரி வேண்டாம் என்று சொன்னது

ஜப்பானில் இந்த வகையைக் கன்பிளா என்கிறார்கள். கண்டம் என்ற ரோபோத் தொடரின் பெயரையும் பிளாஸ்டிக் மாடலையும் சேர்த்துச் சுருக்கிய சொல். (ஜாதகத்தில் வருகிற கண்டம் இல்லை. என் மனைவி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், திருத்தப் போகவில்லை.) யோஷியுகி தொமினோ இயக்கி 1979இல் ஒளிபரப்பான அந்தத் தொடரை 52 வாரம் ஓட்டத் திட்டமிட்டு, பார்ப்பவர்கள் குறைவென்று 43இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1980 ஜூலையில், பண்டாய் நிறுவனம் அந்த ரோபோவின் 1/144 மாடலை 300 யென்னுக்கு விற்றது. பசை வைத்து ஒட்டி, நிறத்தை வாங்கியவரே தீட்டிக்கொள்ள வேண்டிய மாடல். நின்றுபோன தொடரின் பொம்மை, தொடரையே மறுபடி உயிர்ப்பித்தது. 1990இல் வந்த ஹைகிரேடு கிட்டில் பசைக்கும் வேலை இல்லை, ஒரே ரன்னரில் பல நிறமும் வந்துவிட்டது.

ஒரே ரன்னரில் பல நிறம் என்பதைக் கடைக்காரர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டை போடுகிறவனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. ஒரே டைக்குள் வெள்ளை ஒரு பக்கமிருந்தும் சிவப்பு இன்னொரு பக்கமிருந்தும் ஏற வேண்டும், ஒன்றின் பாதையில் இன்னொன்று கலக்கக்கூடாது, வெளியே வரும்போது எல்லாம் ஒரே சட்டமாக வர வேண்டும். நாங்கள் இரண்டு நிறத்தில் டார்ச் லைட் உடல் ஒன்று செய்தபோதே மூன்று வாரம் தூக்கம் போனது.

நான் பூட்டியது என்ட்ரி கிரேடு ஆர்எக்ஸ்-78-2. முதல் தொடரில் வந்த அதே ரோபோ, 2020இல் வந்த வடிவம். வந்தபோது ஜப்பானில் வரியோடு 770 யென். 1/144 அளவு என்பதால், கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ மேஜைமேல் 12.5 சென்டிமீட்டர்தான். கூட ஒரு துப்பாக்கியும் ஒரு கேடயமும். ஸ்டிக்கர் கிடையாது. பாகத்தை வெட்டியெடுக்கும் நிப்பரும் வேண்டாம், விரலால் திருகினாலே பாகம் கழன்றுவரும் என்பதுதான் இதன் பெருமை.

அதைச் சோதிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் வீட்டிலேயே இருந்தாள். ஒன்பது வயது, பொறுமை குறைவு. ரோபோ ஓடாது என்ற கோபம் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்தேன். நான் வாய் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். விளக்கத்தாளில் இருப்பது ஜப்பானிய எழுத்துதான். ஆனால் படத்தில் அம்புக்குறியும் ரன்னர் எழுத்தும் பாக எண்ணும் இருக்கின்றன, அதுவே போதும்.

பாகங்கள் உண்மையாகவே விரலுக்கு வந்தன. புளியம்பழத்தை உடைப்பது போல 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கழன்ற இடத்தைத் தடவிப் பார்த்தால் மணல் துகள் அளவுக்கு ஒரு சொரசொரப்பு, அவ்வளவுதான். பெரும்பாலானவை பூட்டிய பிறகு உள்ளே போய்விடும் ஓரங்களில் இருக்கின்றன. வெளியே தெரிகிற ஒன்றிரண்டை நகத்தால் இரண்டு முறை தேய்த்தால் கண்ணுக்குப் படவில்லை.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். காம்பை மெலிதாக்கினால் பறிப்பது சுலபம். ஆனால் காம்பு மெலிய மெலிய, பாகம் முழுசாக நிரம்புவதற்குள் காம்பு உறைந்து வழி அடைத்துக்கொள்ளும். பாகம் அரைகுறையாக வரும், இல்லையென்றால் மேலே குழி விழும். அதைத் தவிர்க்க அழுத்தத்தைக் கூட்டலாம். கூட்டினால் டையின் இரு பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் பிதுங்கும், கொழுக்கட்டை அச்சை அதிகம் அமுக்கினால் ஓரத்தில் மாவு பிதுங்குமே, அது போல. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் மிகக் குறுகல். 770 யென் பொம்மையில் அந்தக் குறுகலான இடத்தில் நின்று காட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்த களைப்பிலும் எழுந்து கை தட்டலாம் போலிருந்தது.

இணைப்புக்கோடும் அப்படித்தான். கை, கால் எல்லாம் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பூட்டுவது என்றால் நடுவே நெடுக ஒரு கோடு ஓடும், முதுகில் தையல் தெரிகிற சட்டை மாதிரி. இந்தக் கிட்டில் அந்தக் கோடு எங்கெல்லாம் விழ வேண்டுமோ, அங்கெல்லாம் ரோபோவின் கவசத் தகட்டுக்கே ஒரு விளிம்போ பள்ளமோ வைத்துவிட்டார்கள். அதனால் கோடு இருக்கிறது, ஆனால் அது இருக்க வேண்டிய கோடு போலவே தெரிகிறது. முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது என் தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மகள் முடிக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு தோசை. இடது காலையும் வலது காலையும் மாற்றிப் பூட்டிவிட்டு, "ஏன்ப்பா இது கோணலா நிக்குது?" என்று கேட்டாள். வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையை நினைவூட்டினேன். கழற்றி மாற்றினாள். இரண்டாம் முறை செருகியபோதும், பாகத்தோடு பாகத்தைப் பிடிக்கும் பின்கள் முதல்முறை போலவே இறுக்கமாக உட்கார்ந்தன. இதைக் குறித்துவைத்துக்கொண்டேன், மூன்றாவது கிட்டில் இதற்கு நேர் எதிரான கதை வருகிறது.

குறை என்று சொன்னால், பூட்டுகிற சுகம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரொம்பச் சுலபம். கொஞ்சம் அடம்பிடிக்கிற பாகம் ஒன்றாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அது என் கெட்ட பழக்கம்.

இரண்டாவது: ஓட்டைகளுக்காகவே வாங்கியது

தர்ட்டி மினிட்ஸ் மிஷன்ஸ் என்ற வரிசையும் பண்டாயுடையதுதான், 2019இல் தொடங்கியது. இதற்குப் பின்னால் தொலைக்காட்சித் தொடர் எதுவும் இல்லை. நான் எடுத்தது ஆல்டோ, வெள்ளை. இதுவும் 1/144. பெயரில் 30 நிமிடம் என்றாலும் எனக்கு 50 நிமிடம் ஆனது. ஒவ்வொரு பாகத்தையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் ஆகத்தானே செய்யும்.

உடம்பு ஏறக்குறைய ஒரே நிறம். பக்கத்தில் முந்தைய ரோபோவை நிறுத்தினால் இது பள்ளிச் சீருடை போட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் இதன் விசேஷம் தோளிலும் முதுகிலும் காலிலும் உள்ள 3 மில்லிமீட்டர் துளைகள். எல்லாம் ஒரே அளவு. தனியாக விற்கிற கவசம், இறக்கை, ஆயுதம் எதுவானாலும் 3 மில்லி பின்னோடு வரும், எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

ஒரே அளவு என்று எழுதிவிடுவது சுலபம். ஒரு வரிசையின் எல்லாப் பெட்டிகளிலும் எந்தப் பின்னும் எந்தத் துளையிலும் தானாக விழாமலும் உடைக்காமலும் உட்கார வேண்டுமென்றால், பின்னானது துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். அந்த மயிரிழைதான் பிடிப்பு. அது கூடினால் துளையின் சுவர் வெளுத்துக் கீறும், குறைந்தால் பொலபொலவென்று உதிரும். பிளாஸ்டிக்கோ ஆறும்போது சுருங்குகிற சாமான். பாலிஸ்டைரீன் என்றால் நூறு மில்லிக்கு அரை மில்லி அளவில், பாலிஎத்திலீன் அதைப்போலப் பல மடங்கு. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு டையைப் பெரிதாக வெட்ட வேண்டும். ரன்னரின் மூலையில் பிஎஸ், ஏபிஎஸ், பிஇ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்களே, அது எந்தப் பிளாஸ்டிக் என்பதன் குறி. பூட்டத் தொடங்குமுன் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கணுக்கால் கதையில் சொல்கிறேன்.

இதற்கு நிப்பர் வேண்டும். நல்ல ஒற்றை அலகு நிப்பர் என்னிடம் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய, ஒயர் வெட்டுகிற தட்டை முக நிப்பர்தான். அதை வைத்து ஒரே வெட்டில் காம்பை ஒட்ட வெட்டினால், வெட்டுவதற்கு முன்பு அது பிளாஸ்டிக்கை நசுக்கும். நசுங்கிய இடம் வெள்ளையாகிவிடும். வெள்ளைப் பாகத்தில் தெரியாது, அடர்ந்த நிறத்தில் பல்லிளிக்கும். அதனால் இரண்டு வெட்டு. முதலில் ரன்னர் பக்கமாகத் தள்ளி வெட்டிப் பாகத்தை விடுவிப்பது, பிறகு மிச்சக் காம்பில் அரை மில்லி விட்டு வெட்டுவது. அந்த அரை மில்லியைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவி, 400, 600, 1000 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தால் போதும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. ஏற்கெனவே வெளுத்துவிட்ட இடத்தை நகத்தின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் பாதி மறையும். ஹேர் டிரையர் சூடும் உதவும், ஆனால் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போனில் பேசக்கூடாது.

இன்னொரு பழக்கம். பின்னாளில் கழற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றும் இடங்களில் பின்னின் நுனியைச் சாய்வாக வெட்டிவிடுவேன். பிடிப்பு பாதியாகும், பிரிப்பது சுலபமாகும். ஆனால் அதைத் தோள், இடுப்பு போன்ற பாரம் தாங்கும் இடத்தில் செய்தால் பின்னால் வருத்தப்பட வேண்டிவரும்.

மூன்றாவது: பெயர் சொல்லத் தகுதியில்லாதது

இது ஒரு நகல். பெட்டியில் இருந்த பெயர் அசலைவிட ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். விலை அசலில் மூன்றில் ஒரு பங்கு. போலியென்று தெரிந்துதான் வாங்கினேன், பிரித்துப் பார்க்க ஒரு பிணம் வேண்டும் என்பது போல. மருத்துவக் கல்லூரியில் வாங்குவார்களே, அதே நோக்கம்தான்.

பையைப் பிரித்ததும் ஒரு வாடை. ரன்னரைச் சுற்றிலும் மெல்லிய ஜவ்வு போலப் பிதுக்கம். டையின் இரு பாதியும் சரியாக மூடவில்லை, அல்லது மூடும் விளிம்பு தேய்ந்துபோய்விட்டது. வெளிப்பரப்பில் ஆங்காங்கே சின்னக் குழி, அதற்கு நேர் பின்னால் ஒரு தடித்த பின். சுவரைவிடப் பின் தடிமனாகிவிட்டால் அது மெதுவாக ஆறும், ஆறும்போது முன்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுவரின் தடிமனில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் போகாதே என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

காம்புகள் தடி தடியாக, நேராக நெஞ்சின் நடுவில், முட்டியின் முன்னால். ஒளித்துவைக்க யாரும் மெனக்கெடவில்லை. நிரம்பினால் போதும் என்ற நினைப்பு. அப்படியும் நிரம்பவில்லை. ஒரு தோள் கவசத்தின் மூலை பாதியில் நின்றுபோயிருந்தது, ஓரம் மெழுகு போல உருண்டு வழவழவென்று. இது உடைந்ததல்ல, பிளாஸ்டிக் அங்கே போய்ச் சேரவே இல்லை.

வெர்னியரை எடுத்தேன். 3 மில்லி இருக்க வேண்டிய பின்களை அளந்தால் ஒன்று 3.12, ஒன்று 2.94, மூன்றாவது ஒரு பக்கம் 3.05, திருப்பிப் பிடித்தால் 2.97, அதாவது வட்டமே இல்லை. அசல் பாகத்தையே மாதிரியாக வைத்து டை வெட்டியிருப்பார்கள் என்பது என் அனுமானம். அசல் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதன் அளவிலேயே டை வெட்டினால் நகல் இன்னொருமுறை சுருங்கும். பின்னும் துளையும் ஒரே மாதிரிச் சுருங்கினால்கூடப் பரவாயில்லை, தடிமனுக்குத் தடிமன் வேறு மாதிரிச் சுருங்கும்.

பூட்டியது எப்படி என்றால், மல்லுக்கட்டி. பெரிய பின்களை அப்படியே அழுத்தினால் துளை வெடிக்கும் என்று தெரிந்தது, ஒன்று வெடித்தும்விட்டது. மற்றவற்றை அரத்தால் ஆறு பட்டை போட்டு அறுகோணம் போலாக்கினேன். வட்டப் பின் துளையை முழுக்கத் தொடும், பட்டை போட்டால் மூலைகள் மட்டும் தொடும். இறுக்கம் குறையும், பிடிப்பு போகாது. சிறிய பின்களுக்கு நேர் எதிர் வைத்தியம். பெவிக்விக் ஒரு சொட்டை ஊசி முனையில் எடுத்துப் பின்னின்மேல் மெல்லப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுவது. காயுமுன் செருகினால் அது மூட்டு இல்லை, சமாதி. நகப்பாலிஷ் பூசினாலும் இதே பலன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும்.

எல்லாம் முடிந்து நிறுத்தியபோது, நம்புவீர்களோ இல்லையோ, மூன்று அடி தள்ளிப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். "சூப்பர்டா, எங்க வாங்கின?" என்றான்.

அலமாரியில் ஒரு மாதம்

என் பரீட்சை எளிமையானது. துப்பாக்கி பிடித்த கையைத் தோள் மட்டத்துக்கு நேராக நீட்டி, பின்னால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மின்விசிறிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைப்பது. காலையில் பார்ப்பது. பிறகு ஒவ்வொரு மூட்டையும் நூறு முறை மடக்கி நீட்டிவிட்டு மறுபடி அதே போல வைப்பது. நூறு முறை என்பது அதிகம்தான். ஆனால் மகள் கையில் ஒரு சனிக்கிழமை கொடுத்தால் அதைத் தாண்டிவிடும்.

என்ட்ரி கிரேடு கை முதல் இரவு அசையவில்லை. நூறுக்குப் பின் துப்பாக்கி முனை ஒரு விரல்கடை இறங்கியது, அதோடு நின்றது. ஆல்டோ நூறுக்குப் பின்னும் அப்படியே இருந்தது, அதற்குத் துப்பாக்கியைத் தவிர வேறு பாரம் எதையும் மாட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகலின் கை முதல் இரவே தொடையைத் தொட்டுவிட்டது. பெவிக்விக் போட்ட இன்னொரு தோள் மட்டும் நின்றது. அதாவது அந்த கிட்டில் ஒழுங்காக வேலை செய்தது நான் செய்த பழுதுபார்ப்பு மட்டும்தான்.

இப்போது கணுக்கால். மூன்று கிட்டுக்கும் சம்பந்தமில்லாத பழைய ஹைகிரேடு ரோபோ ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றதோடு சேர்த்து அதன் கவசப் பள்ளங்களிலும் கறுப்புக் கோடு போடலாம் என்று எனாமல் மையைத் தின்னரில் நீர்க்கக் கலந்து, பூட்டியபடியே தூரிகையால் தொட்டுவிட்டேன். மை பள்ளத்தில் தானாக ஓடுவதைப் பார்க்க அவ்வளவு சுகம். அது ஓடி ஓடிக் கணுக்கால் மூட்டுக்குள்ளும் போனதை நான் கவனிக்கவில்லை. காலையில் ரோபோ முகங்குப்புறக் கிடந்தது, பாதம் தனியாக.

தப்பு முழுக்க என்னுடையது. அந்த மூட்டு ஏபிஎஸ். இறுக்கமாகச் செருகியிருப்பதால் அதற்குள் எப்போதும் ஒரு இழுவிசை இருக்கும். அந்த இழுவிசையில் நிற்கும் ஏபிஎஸ்ஸில் எனாமல் தின்னர் நுழைந்தால் அதுவே விரிசலைத் திறந்துவிடும். வேலையில் இதை வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்கிற ஆள் நான். ரன்னரில் எழுதியிருக்கும் குறியை முதலில் பாருங்கள் என்றது இதற்காகத்தான். ஏபிஎஸ் பாகம் என்றால் கழற்றித் தனியாக வைத்துக் கோடு போடலாம், இல்லையென்றால் மெல்லிய முனை மார்க்கர் பேனா போதும்.

ஒட்டுவதற்குப் பசை மட்டும் போதாது, பாதம் முழு உடம்பையும் தாங்க வேண்டும். கைத்துளையிடும் கருவியில் 1 மில்லி ஊசி மாட்டி, உடைந்த இரு முகத்திலும் நேருக்கு நேர் 4 மில்லி ஆழத்துக்குத் துளை போட்டேன். நேருக்கு நேர் வர ஒரு வழி: ஒரு பக்கம் துளைத்து, அதன் வாயில் ஒரு புள்ளி மை வைத்து, இன்னொரு முகத்தை அதன்மேல் அழுத்தினால் எங்கே துளைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். பேப்பர் கிளிப்பிலிருந்து ஒரு துண்டு கம்பி வெட்டி உள்ளே செருகி, பெவிக்விக் விட்டு மூடினேன். கிளிப் கம்பி 1 மில்லிக்கு ஒரு இழை குறைவாக இருந்தது, வசதியாகப் போயிற்று. இப்போது அந்தக் கணுக்கால் திரும்பாது, ஆனால் நிற்கிறது. பள்ளத்தில் கறுப்புக் கோடு மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.

மேட் பூச்சு விஷயத்திலும் ஒரு அவசரம் செய்தேன். பளபளப்பைக் குறைக்கும் ஸ்ப்ரேயை ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம் மொட்டை மாடிப் படிக்கட்டில் அடித்தேன். காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது கரைப்பான் ஆவியாகிப் பரப்பு குளிரும், ஈரம் அதில் பனியாகப் படியும், பூச்சுக்குள் சிக்கி வெள்ளை பூக்கும். ஆல்டோவின் கவசம் விபூதி பூசியது போல் ஆகிவிட்டது. வெயில் அடித்த ஒரு மத்தியானம் அதே பூச்சை மெல்லிசாக மறுபடி ஒரு சுற்று அடித்ததும் முக்கால்வாசி தெளிந்தது. மிச்சத்தைப் போர்க்களத் தூசி என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில்: குழந்தைக்கும், முதல்முறை பூட்டுகிறவருக்கும் என்ட்ரி கிரேடு, யோசிக்கவே வேண்டாம். கலைத்துப் போட்டு விதவிதமாகச் சேர்க்கும் ஆசை இருந்தால் ஆல்டோ மாதிரி 3 மில்லித் துளைக்காரர்கள். நகலை வாங்காதீர்கள். என்னைப் போல அரமும் வெர்னியரும் வைத்துக்கொண்டு வாங்கினால்கூட, மிச்சமான பணத்தைவிடப் போன ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம். கடையில் திறந்து காட்டுவார்கள் என்றால் ஒரு ரன்னரை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காம்பு நெஞ்சின் நடுவில் இருந்தால் மூடிக் கொடுத்துவிடுங்கள்.

நகலின் அந்தப் பாதித் தோள் கவசம் இன்னும் பாக்கி. வெட்டிப் போட்ட அதே நிற ரன்னர் துண்டுகளைச் சின்ன பாட்டிலில் போட்டு, மேலே பிளாஸ்டிக் மாடல் பசை ஊற்றி மூடிவைத்தேன். இரண்டு நாளில் தேன் பதத்துக்குக் கரைந்தது. செல்லோடேப்பை ஓரத்தில் அச்சு மாதிரி கட்டி, இல்லாத மூலையில் அந்தக் குழம்பை மூன்று தடவையாக ஊற்றி நிரப்பியிருக்கிறேன். ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே குமிழ் நிற்கும். ஊற்றி எட்டு நாள் ஆகிறது. இன்று காலை தேய்க்கலாமா என்று நகத்தை வைத்து அழுத்தினேன், இன்னும் பள்ளம் விழுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.